ஆபீஸ் தொட்டில வாடிக்கிடக்கிற கோல்ட்ஃபிஷ்: மருந்து பாட்டிலை மூடுங்க, தண்ணிய பாருங்க

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்காவுல, ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் மிட்ரண்ட்ல ஒரு ஐடி ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ரிசப்ஷன்ல ஒரு குட்டி கண்ணாடித் தொட்டி, 12 லிட்டர் தான் இருக்கும், அதுல ரெண்டு கோல்ட்ஃபிஷ். தண்ணி ரொம்ப கலங்கி நாத்தம் வந்துச்சுன்னு போன திங்கக்கிழமை நானே மொத்தத்தையும் கொட்டிட்டு, ஃபில்டர் பஞ்சையும் பைப்புல நல்லா அலசிட்டு புதுத்தண்ணி ரொப்பினேன். மறுநாள் காலைல ஒண்ணு செத்து மிதக்குது. இன்னொன்னு தரையிலயே உக்காந்திருக்கு, துடுப்பெல்லாம் உடம்போட ஒட்டிக்கிச்சு, வால் ஓரத்துல கருப்பா இருக்கு, சாப்பிடவும் இல்ல. கடைல மஞ்சள் கலர்ல ஒரு மருந்து குடுத்தாங்க. ஊத்தலாமா? வீட்டுக்கு கொண்டுபோனா பிழைக்குமா?

பதில்: தம்பி, அந்த மருந்தை இப்போதைக்கு ஊத்தாதீங்க. நீங்க எழுதினத வச்சு பாத்தா இது கிருமி நோய் மாதிரி தெரியல, தண்ணி விஷமாகி வந்த வேதனை. சாப்பிடலன்னா கூட பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு, கோல்ட்ஃபிஷ் கெட்டியான ஜீவன், ஆனா இந்த வாரமே இடம் மாத்தணும்.

முதல்ல திங்கக்கிழமை என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா அது தெரியலன்னா வீட்டுக்கு கொண்டுபோயும் அதே தப்பு தான் நடக்கும். மீன் செவுள் வழியாவே அமோனியா விட்டுக்கிட்டே இருக்கும், அது மீனுக்கே விஷம். பஞ்சுலயும் கல்லுலயும் குடியிருக்கிற நல்ல பாக்டீரியா தான் அதை நைட்ரைட்டா மாத்தி, அப்புறம் நைட்ரேட்டா மாத்தி பெருசா கெடுதல் இல்லாம பண்ணும். நீங்க பஞ்சை பைப்புத் தண்ணில அலசினப்போ அந்த பாக்டீரியா பெரும்பாலும் போயிருக்கும். அடுத்தது நம்ம ஊர் பைப்புத் தண்ணி. ராண்ட் வாட்டர் சப்ளைல குளோரின் மட்டும் இல்ல, குளோரமைனும் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) இருக்கு. ஊர்ல அம்மா சொல்ற மாதிரி ஒரு ராத்திரி பக்கெட்ல திறந்து வச்சா குளோரின் பறந்துடும், குளோரமைன் அப்படி சுலபமா போகாது, நேரா செவுளை சுட்டுடும். மூணாவது பிஹெச், அதாவது தண்ணி எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம்ங்கிற அளவு. மாசக்கணக்கா மாத்தாத தண்ணி மெதுவா புளிச்சுப் போயிருக்கும், நம்ம பைப்புத் தண்ணியோ 8 பக்கத்துல இருக்கும், அந்த குதிப்பு ஒரே நிமிஷத்துல. நல்லது நினைச்சு தான் செஞ்சீங்க, அழுக்கா இருந்தா யாருக்கும் முழுசா மாத்தத்தான் தோணும். அதனால அந்த மீன் செத்ததுக்கு உங்களையே நொந்துக்காதீங்க, இருக்கிற ஒண்ணை பாப்போம்.

அந்த வாலோர கருப்பு பாத்து பயப்பட வேண்டாம், அமோனியா சுட்ட புண்ணு ஆறும்போது கோல்ட்ஃபிஷ்ல அப்படி கருப்பு ஏறும். வேற ரெண்டு விஷயம் மட்டும் கிட்டப் போய் டார்ச் அடிச்சு பாத்துடுங்க. உடம்பு மேல ரவை தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தா அது ஒட்டுண்ணி, அதுக்கு வைத்தியம் வேற. மேல இருந்து பாக்கும்போது செதில் எல்லாம் பைன் காய் மாதிரி விரிஞ்சு வயிறு ஊதியிருந்தா உள்ள உறுப்பு பாதிச்சிருக்குன்னு அர்த்தம், அப்போ ஒண்டர்ஸ்டெபூர்ட்ல இருக்கிற பிரிட்டோரியா யுனிவர்சிட்டி வெட்டினரி ஃபேகல்டிக்கு ஒரு போன் போட்டு கேளுங்க. ரெண்டும் இல்லன்னா கீழ சொல்றத செய்யுங்க.

மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, மீன் ஆபீஸ் சொத்து. நான் கேட்ட வரைக்கும் யாரும் வேணாம்னு சொன்னதில்ல, காலி தொட்டில என்ன வைக்கிறதுன்னு தான் கேப்பாங்க. மணி பிளான்ட் வேர் விட்டு தண்ணில வச்சா ரிசப்ஷன் இன்னும் அழகா இருக்கும்னு சொல்லுங்க.

வீட்ல பெரிய கண்ணாடித் தொட்டி இப்பவே வேணும்னு இல்ல. துணி வைக்கிற மூடி போட்ட பிளாஸ்டிக் பாக்ஸ் 50 லிட்டர் சைஸ்ல கிடைக்கும், அதுவே ஆஸ்பத்திரி. சோப்பு போடாம கழுவி, 40 லிட்டர் தண்ணி ரொப்பி, குளோரமைனையும் சரி பண்ணும்னு பாட்டில் மேல போட்டிருக்கிற வாட்டர் கண்டிஷனரை 40 லிட்டருக்கும் சேத்து அளந்து ஊத்துங்க. கல்லு, பொம்மை, செடி எதுவும் வேண்டாம், அழுக்கு அடில தெரியணும். ஒரு ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் கண்டிப்பா வேணும், அதுவும் நம்ம ஊர்ல. ஜோபர்க் கடல் மட்டத்துல இருந்து 1700 மீட்டருக்கு மேல இருக்கு, காத்தழுத்தம் கம்மி, அதே சூட்டுல டர்பன்ல கரையறதை விட இங்க தண்ணில ஆக்சிஜன் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மியா தான் கரையும். செவுள் வெந்துபோன மீனுக்கு அந்த ஒரு பங்கு பெரிய விஷயம். கரண்ட் போற ஏரியான்னா பேட்டரி ஏர் பம்பு ஒண்ணு வாங்கி வைங்க.

எடுத்துட்டு போற அன்னைக்கு சாப்பாடு போட வேண்டாம். வலை வேண்டாம், வலை தோல் மேல இருக்கிற வழவழப்பை உரிக்கும், ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை தண்ணிக்குள்ள முக்கி மீனை மெதுவா அதுக்குள்ள ஓட்டி தண்ணியோட தூக்குங்க. மூடி போட்ட பக்கெட்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் காத்து, மேல ஒரு துண்டு போத்திடுங்க, இருட்டா இருந்தா மீன் அமைதியா இருக்கும், என்1 ஹைவே டிராஃபிக்ல மாட்டினாலும் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கப்னு பாக்ஸ் தண்ணிய பக்கெட்ல ஊத்தி, அரை மணி நேரத்துல மீனை மட்டும் மாத்துங்க. பக்கெட் தண்ணி ஒரு சொட்டு கூட பாக்ஸ்ல விழ வேண்டாம். இதை மணிக்கணக்கா இழுக்கவும் கூடாது. ஏன்னா தொட்டித் தண்ணி திரும்ப புளிச்சிருந்தா அதுல அமோனியா பெரும்பாலும் தூங்கிக்கிட்டு இருக்கும், பிஹெச் 7ல இருந்து 8க்கு ஏறினா விஷமா மாறுற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும்.

உப்பு உதவும். அயோடின் இல்லாத சாதா கல் உப்பு, லிட்டருக்கு 2 கிராம், அதாவது 40 லிட்டருக்கு 80 கிராம், கிச்சன் தராசுல நிறுத்து தனியா கரைச்சு ஒரு நாள்ல மூணு தடவையா பிரிச்சு ஊத்துங்க. உப்புல இருக்கிற குளோரைடு நைட்ரைட் செவுள் வழியா உள்ள போறதை தடுக்கும், மீனோட உடம்புல உப்பு சமநிலைக்கும் பாரம் குறையும். தண்ணி மாத்தும்போது எடுத்த தண்ணிக்கு மட்டும் உப்பு சேருங்க, 20 லிட்டர் எடுத்தா 40 கிராம், முழுசுக்கும் திரும்ப போட்டா ஏறிடும்.

இனிமே உங்க வேலை சொட்டு விட்டு கலர் பாக்குற டெஸ்ட் கிட் தான், பேப்பர் பட்டை டெஸ்ட் வேண்டாம், நம்ப முடியாது. தினமும் அமோனியாவும் நைட்ரைட்டும் பாருங்க. பெரும்பாலான கிட்ல அமோனியா ட்யூப் மஞ்சளா நின்னா நிம்மதி, பச்சை ஏற ஏற ஆபத்து. 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) தாண்டினா பாதித் தண்ணிய மாத்துங்க, கண்டிஷனர் போட்டு, கை வச்சு பாத்தா ரெண்டு தண்ணியும் ஒரே சூடா இருக்கணும். இங்க ஜூன் ஜூலை குளிர்காலத்துல பைப்புத் தண்ணி ஐஸ் மாதிரி வருது, அதை அப்படியே ஊத்தினா மறுபடி அதே கதை. கண்டிஷனர் குளோரமைனை உடைக்கும்போது கொஞ்சம் அமோனியா வெளிய வரும், அதனால மாத்தின உடனே கிட் லேசா பச்சை காட்டினா பதறாதீங்க, மறுநாள் திரும்ப பாருங்க. புதுசா பாக்டீரியா வளர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். ஆரோக்கியமான மீன் வளக்கிறவங்க யாராவது தெரிஞ்சா அவங்க ஓடிட்டிருக்கிற பஞ்சுல ஒரு துண்டு வாங்கிட்டு வந்து உங்க ஃபில்டர் பக்கத்துல போட்டுடுங்க, ரொம்ப நாள் மிச்சமாகும். அழுக்கான பஞ்சு தான் நல்ல பஞ்சு, அலசணும்னா எடுத்த பழைய தண்ணியிலயே ரெண்டு பிழி பிழிங்க.

முதல் ரெண்டு மூணு நாள் பட்டினி போடுங்க, கோல்ட்ஃபிஷ்க்கு இரைப்பையே கிடையாது, குடல் மட்டும் தான், இந்த பட்டினி அதை ஒண்ணும் பண்ணாது. அப்புறம் தோல் உரிச்ச வேகவச்ச பட்டாணில கால்வாசி நசுக்கி போடுங்க, அஞ்சு நிமிஷத்துல சாப்பிடலன்னா எடுத்துடுங்க. நான் தினமும் காலைல ஒரு நிமிஷம் செவுள் எத்தனை தடவை அடிக்குதுன்னு எண்ணி காலண்டர்ல எழுதி வைப்பேன். எண்ணிக்கை இறங்கிக்கிட்டே வந்து, முதுகுத் துடுப்பு கொஞ்சம் கொஞ்சமா நிமிர்ந்தா மீன் தேறுதுன்னு அர்த்தம். ஒரு நாள் நீங்க பக்கத்துல போனதும் தரைய விட்டு எழும்பி கண்ணாடிப் பக்கம் வர்ற மாதிரி வரும், பிளாஸ்டிக் பாக்ஸ்ல கூட மேல வந்து வாயத் திறந்து பாக்கும், அதைப் பாத்தா தான் தெரியும்.

தேறினதும் ஆபீஸ்ல கொண்டுபோய் அதே 12 லிட்டர்ல விடாதீங்க. வால் ரெண்டா பிரிஞ்ச குண்டு வகைன்னா ஒண்ணுக்கு 75, 100 லிட்டராவது வேணும். ஒத்தை வால் நீள உடம்புன்னா அது 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளரக்கூடியது, தோட்டத்துல குளம் வச்சிருக்கிற ஆளா பாத்து குடுங்க. ஸூ லேக் மாதிரி ஏரிலயோ ஆத்துலயோ விட்டுட வேண்டாம், நம்ம ஊர் மீனுக்கும் தண்ணிக்கும் அது கெடுதல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுக்கறதா இருந்தா வியாழக்கிழமையே பாக்ஸ்ல தண்ணி ரொப்பி கண்டிஷனர் ஊத்தி பம்பு ஓட விட்டுடுங்க, சூடு சமமாகும். அது வரைக்கும் ஆபீஸ் தொட்டில யாரும் தீனி போடாம ஒரு பேப்பர் எழுதி ஒட்டுங்க, ராத்திரி க்ளீனர் ப்ளக்கை பிடுங்காம இருக்க சுவிட்ச் மேல இன்னொரு பேப்பர். டெஸ்ட் கிட் கைக்கு வந்ததும் முதல்ல அந்த 12 லிட்டர் தண்ணிய சோதிச்சு நம்பரை எனக்கு அனுப்புங்க, வால் எந்த வகைன்னும் சேத்து சொல்லுங்க.