நகர மையத்தில் புதிதாக எழும் உயரமான கட்டடங்களால் நடைபாதைக்கும் நடப்பவர்களுக்கும் என்ன ஆகிறது?

கேள்வி கேட்டவர் உயரத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார் என்று தோன்றுகிறது. அப்படிப்பட்ட கட்டடங்களுக்கு நடுவே தினமும் நடக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாற்பதாவது மாடி எப்படி இருக்கிறது என்பது நடப்பவருக்குத் தெரிவதே இல்லை. கண்ணில் படுவது முதல் இரண்டு மூன்று தளங்கள்தான். கட்டடம் தரையைத் தொடும் இடத்தை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நடைபாதை பிழைக்கும் அல்லது சாகும்.

காற்றும் நிழலும் மட்டும் உயரத்தாலேயே வருபவை. அதில் காற்று பெரிய விஷயம். தரைக்கு அருகில் மரம், வீடு என்று தடைகள் இருப்பதால் காற்று மெதுவாக வீசும். மேலே போகப் போக வேகம் கூடும். அகலமான தட்டைச் சுவர் ஒன்று குறுக்கே நின்றால், உயரத்தில் வந்து மோதும் வேகக் காற்றில் ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கும். இறங்கிய காற்று மூலையில் திரும்பும்போது இன்னும் வேகமெடுக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2007-இல் கட்டி முடித்த பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்ற 32 மாடிக் கட்டடத்தின் அருகே, 2011 மார்ச்சில் பலத்த காற்றில் ஒரு லாரி கவிழ்ந்து, நடந்து போய்க்கொண்டிருந்தவர் இறந்துபோனார். அதன்பிறகு சாலைக்கு மேலேயே பெரிய காற்றுத் தடுப்புகளை வைக்க வேண்டியதாயிற்று. வரைபடத்தில் இருந்தபோதே சரிசெய்திருக்க வேண்டிய விஷயம் இது. கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து, செயற்கையாகக் காற்றை வீசவைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த மூலையில் ஆள் நிற்க முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இதற்கு நல்ல தீர்வும் உண்டு. கீழே சில மாடிகளை மட்டும் தெருவை ஒட்டி அகலமாகக் கட்டி, அதன்மேல் ஒல்லியான கோபுரத்தைப் பின்தள்ளி எழுப்புவது. கனடாவின் வான்கூவர் இந்த முறைக்குப் பேர்போனது. மேலிருந்து இறங்கும் காற்றில் பெரும்பகுதி அந்த அகலமான கீழ்ப்பகுதியின் கூரையோடு நின்றுவிடும். நடப்பவர் பார்ப்பதும் மூன்று நான்கு மாடித் தெருவைத்தான்.

நிழலைப் பற்றி ஒரே பதில் கிடையாது. வெயில் கொளுத்தும் ஊரில் அது வரம், குளிர் ஊரில் இழப்பு. நியூயார்க்கில் 1915-இல் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் தெருக்களை இருட்டாக்கியது பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. உயரம் கூடக் கூடக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்ற 1916-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, தரைத்தளத்துக்கு வருவோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு நூறு மீட்டர் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க பக்கத்தில் ஒரே கண்ணாடிச் சுவர், ஜெனரேட்டர் அறையின் கம்பி வலை, பிறகு பார்க்கிங் வாசல் என்றால் நடையே தண்டனையாகிவிடும். எட்டுப் பத்து மீட்டருக்கு ஒரு வாசல் இருந்தால் அதே தூரம் தெரியாமலே கடந்துபோகும். ராத்திரியில் தனியாக நடப்பவருக்கு இது பாதுகாப்பும்கூட. உள்ளே விளக்கும் ஆளும் இருக்கிற கடையைத் தாண்டிப் போவது வேறு, இருண்ட கண்ணாடியைத் தாண்டிப் போவது வேறு.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அந்தப் பார்க்கிங் வாசலைப் பார்த்தால்தான். கார் சுலபமாக ஏறி இறங்க வேண்டும் என்று நடைபாதையைச் சரித்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் போகிறவரும், கைத்தடி ஊன்றுகிற பெரியவரும் அந்தச் சரிவில் தடுமாற வேண்டும். வெளியே வரும் டிரைவரோ சாலையில் இடைவெளி கிடைக்குமா என்றுதான் பார்ப்பார். பக்கத்தில் நடந்து வருபவரைக் கவனிப்பது கடைசியில்தான். போதாக்குறைக்குக் காவலாளி விசில் ஊதி நடப்பவரை நிறுத்திவிட்டுக் காரை அனுப்புவார். நடைபாதை மட்டமாகவே இருக்கட்டும், கார் ஏறி இறங்கிப் போகட்டும். வாசல் ஒன்றே ஒன்று, அதுவும் பக்கத்துச் சின்னத் தெருவில் இருந்தால் போதும்.

அப்புறம் கூட்டம். புதிய கட்டடத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்துபோவார்கள். நடைபாதை மட்டும் பழைய அகலத்திலேயே கிடக்கும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கவே குறைந்தது ஒன்றரை மீட்டர் தேவை. கம்பம், தொட்டி, மின்பெட்டி எல்லாம் போக அவ்வளவு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தரைத்தளத்தை இரண்டு மூன்று மீட்டர் உள்ளே தள்ளினால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும்.

அப்படி இடம் விட வைக்கவும் முயன்றிருக்கிறார்கள். நியூயார்க் 1961-இல், பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம் என்று விதி கொண்டுவந்தது. கட்டுநர்கள் திறந்தவெளி விட்டார்கள். ஆனால் அவற்றில் பல, உட்காரக்கூட இடமில்லாத வெற்றுத் தளங்கள். வில்லியம் வைட் என்பவர் அந்த இடங்களைப் படம் பிடித்து ஆராய்ந்து, உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் ஆட்கள் உட்கார்கிறார்கள் என்று காட்டினார். கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் 1975-இல் விதியைத் திருத்தி இருக்கைகளைக் கட்டாயமாக்க அந்த ஆய்வு தேவைப்பட்டது.

மினியாபொலிஸ், கால்கரி போன்ற கடுங்குளிர் நகரங்களில் கட்டடங்களை மாடிப் பாலங்களால் இணைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் கடைகளும் கூட்டமும் மேலே போனபின் கீழே தெரு காலியாகிறது என்ற புகார் அங்கே நெடுநாளாக இருக்கிறது. கடுங்குளிர் இல்லாத ஊர்கள் இதைக் காப்பியடிக்க நியாயமே இல்லை என்பது என் கருத்து.

உங்கள் தெருவில் இப்படி ஒரு திட்டம் வந்தால் அழகான வண்ணப்படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தரைத்தள வரைபடத்தைக் கேளுங்கள். தெருவைப் பார்த்து எத்தனை வாசல், கார் எந்தப் பக்கம் வரும், காற்றுச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். கட்டுமானம் சில வருடங்கள் இழுக்கும். அதுவரை நடைபாதையைத் தகரம் வைத்து அடைத்து எல்லோரையும் சாலையில் இறக்கிவிடுவதுதான் வழக்கம். தலைக்கு மேல் கூரையும் பக்கத்தில் தடுப்பும் வைத்த தற்காலிகப் பாதை முதல் நாளிலிருந்தே வேண்டும் என்பதை அனுமதி கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.