நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நூலகத்தில் யூதக் கதைகளை எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் உங்கள் மகள் படிக்கும் பள்ளி நூலகத்தில் தன்னார்வலராக இருக்கிறீர்கள், யூதக் கதைகளுக்கு ஒரு கதை நேரம் நடத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள், நீங்களோ யூதர் இல்லை, எதிலிருந்து தொடங்குவது, ஹிட்லர் காலத்தைத் தொடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நியூ ஜெர்சியில் ஒரு தொடக்கப் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நானும் யூதர் இல்லை. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

முதல் கதை பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதாக இருக்கட்டும். யூதர் என்றதும் முள்வேலியும் வதைமுகாமும்தான் முதலில் மனதில் பதிந்தால், அவர்களை வீடும் சமையலும் வம்பும் வழக்குமாக வாழ்கிற மனிதர்களாக நினைத்துப் பார்ப்பது பத்து வயதுப் பிள்ளைக்குக் கஷ்டமாகிவிடும். அதனால் நான் ஹெல்ம் ஊர்க் கதைகளில்தான் தொடங்குவேன். ஹெல்ம், போலந்தின் கிழக்கே நிஜமாகவே இருக்கும் ஊர். கதைகளில் மட்டும் அங்கே இருப்பவர்கள் அத்தனை பேரும் தங்களை மகா அறிவாளிகள் என்று நம்புகிறவர்கள். இருட்டு ராத்திரிகளுக்கு உதவுமே என்று நிலாவைப் பிடித்து வைக்க முடிவு செய்கிறார்கள். பீப்பாய்த் தண்ணீரில் நிலா தெரிந்ததும் சட்டென்று மூடி, கட்டிப் பத்திரமாக வைக்கிறார்கள். நிலா இல்லாத ஒரு ராத்திரியில் ஆசையாகத் திறந்து பார்த்தால் வெறும் தண்ணீர். யாரோ திருடிவிட்டார்கள் என்று ஊரே புலம்புகிறது! நம் பரமார்த்த குருவையும் சீடர்களையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி உடனே பிடிபடும். சொல்லும்போது குரல் தானாக வந்துவிடும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதி 1978-இல் நோபல் பரிசு பெற்ற ஐசக் பாஷவிஸ் சிங்கர் இந்த ஊர்க் கதைகளைக் குழந்தைகளுக்காகவும் எழுதியிருக்கிறார். தேடினால் உங்கள் நூலகத்திலேயே கிடைக்கலாம். ஒன்று மட்டும் முக்கியம். இவை யூதர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிச் சிரித்த கதைகள் என்று ஆரம்பத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தால்முத் கதைகள். தால்முத் என்பது யூத குருமார்களின் வாதங்களும் கதைகளும் சேர்ந்த பழைய நூல். என் மனதுக்கு மிக நெருக்கமானது ஹோனி என்ற பழங்கால அறிஞரின் கதை. வழியில் ஒருவர் கரோப் மரக்கன்று நடுவதை ஹோனி பார்க்கிறார். எத்தனை வருஷத்தில் காய்க்கும் என்று கேட்கிறார். எழுபது என்கிறார் அவர். அதுவரை நீ இருப்பாயா என்று கேட்டால், நான் பிறந்தபோது இங்கே கரோப் மரங்கள் இருந்தன, என் முன்னோர் எனக்காக நட்டார்கள், நான் என் பிள்ளைகளுக்காக நடுகிறேன் என்கிறார். பல குழந்தைப் புத்தகங்கள் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. தயவுசெய்து நீங்கள் அங்கே நிறுத்தாதீர்கள். ஹோனி அங்கேயே தூங்கிப்போகிறார், எழுபது வருஷம். எழுந்து பார்த்தால் நட்டவரின் பேரன் பழம் பறித்துக்கொண்டிருக்கிறான். ஹோனி தன் வீட்டுக்குப் போகிறார், கல்விக்கூடத்துக்குப் போகிறார். அங்கே இவர் பெயரைச் சொல்லியே பேசுகிறார்கள், ஹோனி இருந்த காலத்தில் எல்லாம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்கிறார்கள். நான்தான் ஹோனி என்று இவர் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. மூலத்தில் அவர் அந்தத் தனிமை தாங்காமல் இறந்துபோகிறார். பிள்ளைகளுக்கு அதை நான் சொல்வதில்லை, நம்பாத இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். “நீங்கள் ஹோனியாக இருந்தால் எப்படி நிரூபிப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி மாறி வந்த பிள்ளைகள், வேறு நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் சொல்லும் பதில்களைக் கேட்க வேண்டும்! ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும் து பிஷ்வாத் என்ற மரங்களின் புத்தாண்டுக்கு இது அழகாகப் பொருந்தும்.

ஹில்லெல் என்ற பழங்கால யூத குருவின் கதைக்குப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் உங்கள் வேதம் முழுவதையும் சொல்லிக்கொடு என்று ஒருவன் வருகிறான். முதலில் அவன் போய்க் கேட்ட இன்னொரு குரு ஷம்மாய், அவனை அளவுகோலால் விரட்டிவிடுகிறார். ஹில்லெலோ, உனக்கு வெறுப்பானதைப் பிறருக்குச் செய்யாதே, மற்றதெல்லாம் அதற்கு விளக்கம், போய்ப் படி என்கிறார். அப்புறம் ஒவ்வொருவரும் ஒற்றைக் காலில் நின்றபடி வகுப்புக்கு ஒரே ஒரு விதி சொல்ல வேண்டும். ஆரவாரத்துக்குத் தயாராக இருங்கள். யார் சொன்னது சரி என்று அவர்கள் சண்டை போட்டால் தடுக்காதீர்கள். தால்முத்தே பக்கத்துக்குப் பக்கம் வாதம்தான்.

யூதர் என்றால் கிழக்கு ஐரோப்பா மட்டும் இல்லை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டுத் துருக்கிப் பக்கம் போனவர்களிடம் ஜோஹா என்ற கோமாளியின் கதைகள் உண்டு. நம்மவர் பிள்ளைகள் நிறைய இருக்கும் வகுப்பென்றால் பெனே இஸ்ரேல் மக்களின் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். கொங்கண் கரையில் கப்பல் உடைந்து, தப்பிப் பிழைத்த ஏழு தம்பதிகளின் வழிவந்தவர்கள் என்று அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வார்கள். எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது, அதனால் ஊரார் வைத்த பெயர் சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூத ஜெபக்கூடத்தின் படத்தையும் காட்டலாம். இந்தியாவிலும் யூதர்களா என்று கண்கள் விரியும்.

ஹிட்லர் காலம் பற்றிக் கேட்டீர்கள். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூதப் படுகொலை) நினைவு அருங்காட்சியகம் ஆறாம் வகுப்புக்கு மேல்தான் இதை விரிவாகக் கற்பிக்கச் சொல்கிறது. நானும் நான்காம் வகுப்பில் அதைக் கதையாக எடுப்பதில்லை. ஆனால் ஹெல்மில் யூதர்கள் இப்போதும் இருக்கிறார்களா என்று ஒரு பிள்ளை கேட்டால் மழுப்பக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் யூதர்கள், நாஜிகள் அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டார்கள் என்று நேராக, சுருக்கமாகச் சொல்லுங்கள். படமும் விவரணையும் வேண்டாம்.

ஐந்தாம் வகுப்புக்கு, நூலகத்தில் சொல்வதற்கென்றே அமைந்த கதை ஒன்று இருக்கிறது. போஸ்னியாவின் சராயேவோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் சராயேவோ ஹகாடா என்பது 14-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதி ஓவியம் தீட்டிய, பாஸ்கா என்ற யூதப் பண்டிகை விருந்தில் வாசிக்கும் புத்தகம். அதன் பக்கங்களில் திராட்சை ரசக் கறை இன்னும் இருக்கிறது. போர்க்காலத்தில் ஒரு ஜெர்மன் தளபதி அதைக் கேட்டு வந்தபோது, வேறொரு அதிகாரி ஏற்கனவே வாங்கிப் போய்விட்டாரே என்று அருங்காட்சியகத்தில் சொல்லிவிட்டார்களாம். உண்மையில் அங்கே நூலகராக இருந்த டெர்விஷ் கோர்குட் என்ற முஸ்லிம் அதைக் கடத்திப்போய் ஒளித்து வைத்தார். ஒரு யூதப் பெண்ணுக்கும் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும்.

வகுப்பில் யூதப் பிள்ளை இருந்தால், “உங்கள் வீட்டில் எப்படி?” என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் சந்தோஷமாகக் கேளுங்கள். டிசம்பரில் ஹனுக்கா பண்டிகையோடு எல்லாவற்றையும் முடித்துவிடாமல் வருஷம் முழுக்கப் பரப்பிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் இதெல்லாம் சொல்லலாமா என்று யாராவது கேட்டால், வழிபாடு நடத்துவதுதான் கூடாது, மதங்களைப் பற்றிக் கற்பிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டது.

புத்தகம் தேர்ந்தெடுக்க, யூத நூலகங்களின் சங்கம் யூதக் குழந்தைப் புத்தகங்களுக்கு 1968 முதல் கொடுத்துவரும் சிட்னி டெய்லர் விருதுப் பட்டியலைப் பாருங்கள். வயதுவாரியாகப் பிரித்திருப்பார்கள். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு, சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டு போங்கள்.