பைபாஸ் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, தினமும் நடக்க மனமே வரவில்லை. என்ன செய்வது?

இது சோம்பேறித்தனம் இல்லை. இதய அறுவைக்குப் பின் சில வாரங்கள் மனம் சோர்ந்து போவது பலருக்கும் உண்டு. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை மனம் வரட்டும் என்று காத்திருக்காமல், நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் செருப்பு காலில் ஏறட்டும்.

பலர் சறுக்குவது தெம்பான நாளில்தான். ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவார்கள். பிறகு நடை என்றாலே பயம். தூரத்தை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள். வேளைக்கு 5 நிமிடம், நாளுக்கு 3 வேளை என்று தொடங்கி, தினம் வேளைக்கு ஒரு நிமிடம் கூட்டினால் 25 நாளில் ஒரு வேளை நடை 30 நிமிடத்துக்கு வந்துவிடும். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும். மழையென்றால் கூடத்திலேயே நடக்கலாம்.

மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் நடந்த நிமிடத்தைப் பேனாவால் எழுதுங்கள். 5, 6, 7 என்று ஏறும் எண்ணே அடுத்த நாள் எழுப்பிவிடும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்ட வேண்டாம்.

பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் வீங்கலாம். உட்காரும்போது ஸ்டூல் மேல் நீட்டி வையுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் அங்கேயே உட்காருங்கள். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.