தினமும் தலைவலி, தினமும் மாத்திரை

டாக்டர், எனக்கு வயது 38. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்தே மாதம் இரண்டு, மூன்று முறை ஒற்றைத் தலைவலி வரும். ஏழு மாதமாகத் தினமும் விடியும்போதே வலியோடுதான் எழுந்திருக்கிறேன். காலையில் மெடிக்கலில் வாங்கிய தலைவலி மாத்திரை ஒன்று (பெயர் தெரியாது), சாயங்காலம் பாரசிட்டமால் 650. காலைத் தலைவலி மூளைக்கட்டியாக இருக்கலாம் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. சைனஸா, கண் பவரா, பிரஷரா (134/86)? ஸ்கேன் எடுக்கட்டுமா? பக்கத்து வீட்டு அக்கா தான் சாப்பிடும் புரோப்ரனலால் மாத்திரையில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு.
- வாசகி, பெரம்பூர்

கட்டி என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். ஏழு மாதம் தினமும் வலிக்கிற அளவுக்குக் கட்டி இருந்தால், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வைக் கோளாறு என்று ஏதாவது ஒன்று இதற்குள் பெரும்பாலும் கூடவே வந்திருக்கும். விடியலில் வலிப்பதற்கு உங்களிடமே காரணம் இருக்கிறது. முந்தைய நாள் போட்ட மாத்திரையின் வேகம் இரவில் இறங்கிவிடுகிறது. அதற்குப் பழகிய மூளை, அடுத்ததைக் கேட்டு வலிக்கிறது. ஸ்கேனுக்கு முன்னால் கண் மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து விட்டுப் பார்வை நரம்பில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். வீக்கம் இருந்தால் உடனே ஸ்கேன். அதுவும் இல்லை, நரம்பியல் பரிசோதனையும் சரி என்றால் ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.

எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதைத்தான் எண்ண வேண்டும். ஒற்றைத் தலைவலி உள்ள ஒருவர், தனி பாரசிட்டமாலோ ஐபுபுரூஃபன் வகையோ மாதத்தில் 15 நாள், அல்லது பல மருந்து கலந்த கூட்டு மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின், சுமாட்ரிப்டான், கடும் வலிக்கான டிரமடால் இவற்றில் ஒன்றை 10 நாள் என மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால், மருந்தே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கும். இதில் 8 நாள், அதில் 9 நாள் என்று மாற்றி மாற்றிப் போட்டாலும் தப்ப முடியாது. முதுகுவலிக்காகத் தினமும் மாத்திரை சாப்பிடும் பலருக்கு இப்படி ஆவதில்லை. ஏற்கெனவே தலைவலி உள்ளவர்களுக்குத்தான் வருகிறது.

எனக்குக் கோபம் வருவது அந்தப் பெயர் தெரியாத மாத்திரை மீதுதான். "தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்றதும் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். பெயர் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. இன்றே போய் முழு அட்டையைக் கேட்டு, பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாரசிட்டமாலும் காஃபீனும் இருக்கலாம். எர்கோட்டமின் இருந்தால், அது ரத்தக் குழாயைச் சுருக்கும். விரல்கள் சில்லிட்டு மரத்துப் போகிறதா என்று கவனியுங்கள். டிரமடால், கோடீன், அல்லது தூக்க மாத்திரை வகை ஏதாவது இருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மற்றபடி, இரண்டையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். அதற்கு முன் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, வாந்திக்கு மாத்திரையும் வலி வராமல் தடுக்கும் மருந்தும் எழுதி வாங்குங்கள். இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். டோபிரமேட் எழுதினால், கர்ப்பமாகும் எண்ணம் இருந்தால் சொல்லிவிடுங்கள். அது குழந்தையைப் பாதிக்கும். தடுப்பு மருந்து வேலை செய்ய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரம் வேண்டாம். வெள்ளிக்கிழமையோடு நிறுத்தி, திங்கள், செவ்வாய் லீவு போடுங்கள். முதல் மூன்று, நான்கு நாள் வலி இப்போதைவிடக் கூடும். குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். பத்து நாளுக்குள் பெரும்பாலும் அடங்கும். பலர் தோற்பது மூன்றாம் நாளில், "ஒண்ணே ஒண்ணு" என்று போட்டுத்தான். காபியை அதே நாளில் நிறுத்தாதீர்கள், அதுவும் தலைவலி தரும். வழக்கமான டம்ளர் கணக்கிலேயே இருந்துவிட்டு, பிறகு வாரத்துக்கு அரை டம்ளராகக் குறையுங்கள். தைலம் தாராளமாகத் தடவலாம். பழைய ஒற்றைத் தலைவலி அவ்வப்போது திரும்பும். அப்போது வலி தொடங்கியதுமே மருத்துவர் சொன்ன முழு அளவில் மாத்திரை போடுங்கள், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

நிறுத்தும் நாட்களில் வலி கூடும் என்றேன். ஒரே ஒரு வலியை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். இடி இறங்கியது போலத் திடீரென்று வந்து, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி. மருந்து நிறுத்திய வலி மணிக்கணக்கில் ஏறும். நிமிடத்தில் ஏறுவது மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதாக இருக்கலாம். எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கசிவு மிகத் தெளிவாகத் தெரியும். படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம், அரைமணியில் குறைந்துவிட்டாலும் போக வேண்டும்.

சைனஸ் இல்லை. சளியோ காய்ச்சலோ இல்லாமல் ஏழு மாதம் சைனஸ் வலிக்காது. 134/86 தலைவலி தரும் அழுத்தம் அல்ல. கண் பவரை, நரம்பைப் பார்க்கும் அன்றே பார்த்துவிடலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை பாருங்கள், பெயர் தெரியாத மாத்திரையில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் வலிமருந்து இருந்திருக்கலாம்.

புரோப்ரனலால் ஒற்றைத் தலைவலிக்கு நல்ல மருந்துதான், அக்காவுக்கு. வீசிங் உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ஒன்றுகூடப் போடாமல் அந்த அட்டையை இன்றே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.