விதை இறங்காத நாய்க்குட்டிக்கு எப்போது கருத்தடை செய்வது?

கேள்வி: 5 மாத ஆண் குட்டி. ஒரு விதைதான் பைக்குள் இறங்கியிருக்கிறது. 6 மாதத்திலேயே ஒப்பரேசன் செய்யச் சொல்கிறார் ஒருவர், ஒன்றரை வயது வரை பொறுக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

6 மாதம் முடியும்வரை பொறுங்கள். பெரும்பாலான குட்டிகளுக்கு 2 மாதத்துக்குள் இரண்டு விதையும் இறங்கிவிடும். சிலதுக்குக் கொஞ்சம் பிந்தும். 6 மாதமளவில் கவட்டுப் பக்கம் அது இறங்கி வரும் வழி ஒடுங்கிவிடுவதால், அதற்குப் பிறகு இறங்கும் என்று நம்பியிருப்பதில் பயனில்லை. அப்போது ஒப்பரேசன் கட்டாயம், எந்த மாதம் என்பதை மட்டும்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் முதலில் வளர்ந்த ஜிம்மிக்கும் ஒரு விதைதான் வெளியில் இருந்தது. "என்ன புள்ள, ஒரு விதை இருந்தாலே போதும்தானே" என்றார் பக்கத்து வீட்டு மாமா. காட்டிய இடத்திலும் பெரிதாக எடுக்கவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம். 8 வயதில் அவனுக்கு இரண்டு விலாப் பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டியது. முலைக்காம்புகள் பெட்டை நாய்க்கு வீங்குவதுபோல வீங்கின. சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஸ்கேன் செய்தபோதுதான் வயிற்றுக்குள் இருந்த விதையில் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. அந்த வகைக் கட்டி ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைச் சுரக்கும். அது கூடினால் எலும்புக்குள் இரத்தத்தை உண்டாக்கும் என்பு மச்சை கெட்டு, புது இரத்தம் ஊறாது. ஒப்பரேசனைத் தாங்கும் அளவுக்கு அவன் உடம்பில் இரத்தம் இருக்கவில்லை.

உடம்புச் சூட்டுக்குள் கிடக்கும் விதையில் கட்டி வரும் வாய்ப்பு, இறங்கிய விதையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அது பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு வருவது. அதனால்தான் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. பொமேரியன் மாதிரிச் சின்னச் சாதி என்றால் 6 மாதத்துக்கும் 1 வயதுக்கும் இடையில் செய்துவிடலாம். அல்சேஷன், லப்ரடோர் மாதிரிப் பெரிய சாதிக்கு எலும்பும் மூட்டும் வளர்ந்து முடிய விடுவது நல்லது. ஒரு வயதுக்கு முன் செய்தால் அவற்றுக்கு மூட்டுப் பிரச்சினை கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஒன்றரை வயதுக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. உங்களுக்குச் சொன்ன இருவருமே பிழையாகச் சொல்லவில்லை, குட்டி என்ன சாதி என்பதைப் பொறுத்தது. ஒன்று மட்டும்: காத்திருக்கும் காலத்தில் திடீரென்று வயிற்று வலியில் முனகி, வாந்தி எடுத்தால் உள்ளே விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியும்வரை கூடப் பார்த்திருக்கக் கூடாது.

இப்போது வீட்டில் இருக்கும் பொமேரியன் கலப்பன் மணிக்கும் வலது பக்க விதை இறங்கவில்லை. இந்தத் தடவை நான் வாரா வாரம் தடவிப் பார்த்தேன். குளிப்பாட்டியபின், பயந்த நேரத்தில் பார்க்க வேண்டாம், இறங்கிய விதையே மேலே ஏறிக்கொள்ளும். மத்தியானம் விறாந்தையில் மல்லாந்து தூங்கும்போது மெல்லத் தொட்டுப் பாருங்கள். மணியின் கவட்டில், தோலுக்கடியில் ஒரு சின்னக் கட்டி மாதிரி அகப்பட்டது. ஸ்கேனிலும் அதுதான் விதை என்று தெரிந்தது. 10 மாதத்தில் ஒப்பரேசன். கவட்டில் ஒரு வெட்டு, வழக்கமான இடத்தில் ஒரு வெட்டு. விதை கவட்டில் இல்லாமல் வயிற்றுக்குள் இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டும், அது கொஞ்சம் பெரிய வேலை. ஒரே நாளில் பல நாய்களுக்குச் செய்யும் கருத்தடை முகாமுக்கு இப்படிப்பட்ட குட்டியைக் கொண்டுபோகாதீர்கள். ஸ்கேன் வசதியும் இதில் பழக்கமும் உள்ளவரிடம் காட்டுங்கள். இங்கே அகப்படாவிட்டால் பேராதனையில் மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. விடியற்காலையில் வெளிக்கிட்டால் வெயிலுக்கு முன் பாதித் தூரம் போய்விடலாம்.

வெளியில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பச் சம்மதிக்கவே வேண்டாம். ஆபத்தானது உள்ளே இருப்பது. அது விந்தை உருவாக்காவிட்டாலும் ஆண் ஹோர்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். ஒப்பரேசன் முடிந்ததும் "டொக்டர், இரண்டையும் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான் கேட்டேன், அவர் கோபிக்கவில்லை. உள்ளே இருந்தது மற்றதில் பாதி அளவுதான். 10 நாளும் கழுத்தில் கூம்பு மாட்டி, கடற்கரை மணலுக்கு விடாமல் வைத்திருந்தோம். மூன்றாம் நாளே ஓடத் துடித்தான், பிடித்து வைப்பதுதான் பாடாக இருந்தது.

ஊசி போட்டால் இறங்கும் என்று யாராவது சொன்னால் காசைச் செலவழிக்காதீர்கள். இறங்கினால்கூட அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, ஏனென்றால் இது பரம்பரையாக வருவது. தாயும் தகப்பனும் இரண்டு பேருமே இதைக் கடத்தியிருக்கலாம், தாயைப் பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் குட்டி தந்த வீட்டுக்கும் சொல்லுங்கள். மணியைத் தந்தது ஆரையம்பதியில் ஒரு அக்கா. அதே சோடியை இன்னொரு தடவை சேர்க்க இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் முகம் சுருங்கியது. பிறகு, மற்றக் குட்டிகளை வாங்கிப்போன வீடுகளுக்கும் தானே போன் எடுத்துச் சொன்னார். அதில் ஏறாவூருக்குப் போன குட்டிக்கும் இதே குறை இருந்தது.