ஒரு கை சோறு சாப்பிட்டால் என்ன வந்துவிடும்?

கேள்வி: எனக்கு வயது 39. வெள்ளவத்தையில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமா, மாமியுடன் இருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் வேலை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சீனி கூடியிருந்தது. இந்த வருடம் எடுத்த எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரி) பரிசோதனையில் 6.2 வந்தது. வைத்தியரோடு கதைத்து, சோறு, பாண், பிட்டு, இடியப்பம், சீனி எல்லாவற்றையும் நன்றாகக் குறைத்தேன். 7 கிலோ இறங்கியிருக்கிறது. உடம்புக்குச் சுகம், மனதுக்குத்தான் இல்லை. மாமிக்கு 70 தாண்டிவிட்டது, 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். நான் அவருடைய பிட்டைத் தொடாமல் அவித்த முட்டையோடு அறைக்குள் போய்விடுவதால், அவர் சமையலை ஒதுக்குகிறேன் என்று கோபித்துக்கொண்டு கதைப்பதில்லை. மச்சாள் கிட்னி பழுதாகும் என்கிறார். அவருடைய மகன் ஐஸ்கிறீம் சாப்பிடும்போது சீனி நஞ்சு என்று சொல்லிவிட்டேன், அதற்கும் சண்டை. கல்யாண வீடுகளில் எல்லோரும் "என்ன வருத்தம்?" என்று கேட்கிறார்கள். ஒபிஸில் பிறந்தநாள் கேக் வந்தால் எல்லார் கண்ணும் என் மேல்தான். மாமா மட்டும் என் பக்கம்; என்னைப் பார்த்து அவரும் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டார். அவர் சீனிக்குக் குளிசை எடுப்பவர். 11 வயது மகளும் இப்போது சோறு வேண்டாம் என்கிறாள். கணவர் எல்லாவற்றையும் பகிடியாக எடுக்கிறார். சலரோகம் வந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொன்னால் எல்லோரும் வாயை மூடுவார்களா?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரி, மாமியும் மச்சாளும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் மாமாவைக் கவனியுங்கள். உங்கள் பக்கம் நிற்கும் ஒரே ஆள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதை வாசித்ததும் பயம்தான் வந்தது.

நீங்கள் குளிசை எடுக்காதவர். சோற்றைக் குறைத்தால் உங்களுக்குப் பசிக்கும், அவ்வளவுதான். மாமா அப்படி இல்லை. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இன்ன அளவு சாப்பாடு உள்ளே போகும் என்ற கணக்கில்தான் வைத்தியர் அந்த அளவை எழுதியிருப்பார். சோறு வராவிட்டாலும் குளிசை தன் வேலையைச் செய்யும். சீனி 70க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். நித்திரையில் இறங்கினால் பக்கத்தில் படுப்பவருக்கும் தெரியாமல் போகலாம். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும் இதே ஆபத்துத்தான். மெட்ஃபோமின் மட்டும் எடுக்கிறார் என்றால் அந்தப் பயம் குறைவு. எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் என்ற புதிய வகைக் குளிசை என்றால் ஆபத்து வேறு: மாச்சத்தை மிகவும் குறைத்தால், சீனி பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். ஆகவே இன்றிரவு அவர் வழக்கமான சோற்றைச் சாப்பிடட்டும். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே வைத்தியரிடம் போங்கள். அளவை மாற்றித் தந்த பிறகு தாராளமாக உங்களோடு சேர்ந்து குறைக்கலாம்.

சரி, இனி மாமி.

அவருக்கு 70 தாண்டிவிட்டது, 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் குடும்பம் நடத்தியவர். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு நடந்தபோது, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவராகவும் இருக்கலாம். அரிசியை எண்ணி எண்ணிப் போட்டுக் கஞ்சி வைத்த ஒருவரிடம் "சோறு எனக்குக் கூடாது" என்றால் அது அவர் காதில் எப்படி விழும்? 2022இல் காஸுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றதையே நாங்கள் இன்னும் சொல்லிச் சொல்லி ஆறவில்லை. மாமிக்கு இன்சுலினைப் பற்றி வகுப்பு எடுத்துப் பிரயோசனம் இல்லை. அவருடைய சண்டை மாச்சத்தோடு இல்லை. தன் கையால் குழைத்த பிட்டைத் தொடாமல் நீங்கள் அவித்த முட்டையோடு அறைக்குள் போய்விடுகிறீர்களே, அதோடுதான்.

அறைக்குள் போவதை நிறுத்துங்கள். மேசையில் எல்லோரோடும் இருந்து சாப்பிடுங்கள். இன்னொன்று, யாழ்ப்பாணத்துச் சமையலில் உங்களுக்குத் தேவையானது அரைவாசிக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறது. சுறா வறை, முருங்கையிலை வறை, கணவாய்ப் பிரட்டல், வல்லாரைச் சம்பல், பாவற்காய்க் குழம்பு, மீன் சொதி. இவற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். "மாமி, நாளைக்கு உங்கடை சுறா வறை வையுங்கோ, எனக்கு அந்தப் பதம் வராது" என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள். (உண்மையிலேயே உங்களுக்கு அந்தப் பதம் வரும் என்றாலும் சொல்லுங்கள்.) கோப்பையில் கறி நிறைந்திருந்தால் சோறு இல்லாதது அவர் கண்ணை அவ்வளவு உறுத்தாது. வாரத்தில் ஒரு நாள் அவருடைய பிட்டில் ஒரு சின்னத் துண்டைக் கறியோடு சாப்பிட்டால் உங்கள் கணக்கு ஒன்றும் கவிழ்ந்துவிடாது. ஒரு கோப்பை சோற்றில் சுமார் 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. குறைந்த மாச்சத்து உணவு என்று பொதுவாகச் சொல்வது நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே. 20, 30 கிராமுக்குள் நிற்கும் கடும் முறை ஒன்றும் உண்டு, கால்கை வலிப்புப் பிள்ளைகளுக்காக 1920களில் தொடங்கியது அந்த வழி. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அதில் இல்லை. ஆகவே ஒரு துண்டுப் பிட்டுக்கு இடம் இருக்கிறது.

மாமி குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு, சீனிக்குப் பதில் பனங்கட்டி என்று கொண்டுவருவார், அல்லது இதற்குள் கொண்டுவந்திருப்பார். இது கோபம் ஆறும் அறிகுறி, முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரக்கனில் நார் கூட, சுண்ணாம்புச்சத்தும் கூட, ஆனாலும் 100 கிராம் மாவில் சுமார் 70 கிராம் மாச்சத்துத்தான். பனங்கட்டியும் பெரும்பாலும் சீனியேதான். "நல்லது மாமி, கொஞ்சமாத் தாங்கோ" என்று சொல்லி அளவாக எடுங்கள்.

மச்சாளின் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம் இல்லை. கிட்னி பழுதாகும் என்று அவர் சொன்னது, ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ள ஒருவருக்கு நிரூபிக்கப்பட்ட உண்மை இல்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரக வருத்தம் உள்ளவர் சோற்றைக் குறைத்துவிட்டு இறைச்சியை அள்ளிப் போட்டால் வருத்தம் கூடலாம். உங்கள் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) எத்தனை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் பாருங்கள், பிறகு மச்சாளிடம் ரிப்போட் சரி என்று ஒரு வசனத்தில் சொல்லலாம். கொலஸ்ட்ரோல் விஷயத்திலும் அப்படித்தான். மாச்சத்தைக் குறைத்தால் பலருக்கு இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு இறங்கும், ஆனால் சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் நன்றாக ஏறும், அதிலும் பட்டரும் தேங்காய்ப்பாலும் கூடினால். யாராவது கேட்டு நீங்கள் கோபப்படுவதற்கு முன் அதையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். முதல் வாரங்களில் இறங்கிய எடையில் ஒரு பங்கு தண்ணீர்தான் என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மை. ஈரலும் தசையும் சேர்த்து வைத்த மாச்சத்துக் கரையும்போது அதோடு பிடித்திருந்த தண்ணீரும் போகும். "மூளைக்குச் சோறு வேண்டும்" என்பது மட்டும் சுத்தப் பிழை. மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும்தான், அதை ஈரல் புரதத்திலிருந்தும் செய்துகொள்ளும்.

ஐஸ்கிறீம் சாப்பிடுகிற பிள்ளையிடம் "நஞ்சு" என்றது பிழை, சகோதரி. மச்சாளிடம் மன்னிப்புக் கேளுங்கள், விளக்கம் வேண்டாம். புதிதாக ஒரு சாப்பாட்டு முறைக்கு மாறியவர்கள் எல்லோருக்கும் இந்த உபதேச ஆசை வரும். சொல்லாமல் சாப்பிடுகிறவரை சனம் இரண்டு மாதத்தில் மறந்துவிடும், மற்றவரின் கோப்பையை எட்டிப் பார்த்துக் கதைக்கிறவரை ஒருநாளும் மறக்காது. அதோடு, உங்கள் வழி ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், சலரோகம் இல்லாத 609 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். மாச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் எடை இறங்கியதில் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. உங்களுக்கு இது சரிவந்திருக்கிறது. அது உங்கள் உடம்பின் செய்தி, மச்சாளுடையது இல்லை.

பொய் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். சவோய் தியேட்டரடியில் புறப்பட்ட செய்தி தெகிவளைப் பாலத்தைத் தாண்டமுன் உங்களுக்குக் கால் எடுக்கிற அளவுக்குப் போய்விடும். ஒருவர் பாவற்காய்ச் சாறு கொண்டுவருவார், ஒருவர் தெரிந்த நாட்டு வைத்தியர் இருக்கிறார் என்பார், மூன்றாமவர் கண்ணீரோடு வருவார். உங்கள் 6.2 சலரோகம் இல்லை, அதற்கு முந்திய படி. 5.7இலிருந்து 6.4 வரை அப்படித்தான் சொல்வார்கள். அந்த இலக்கத்தையும் ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மண்டபத்தில் "என்ன பிள்ளை, இப்பிடி மெலிஞ்சு போனாய், வருத்தமோ?" என்று கேட்டால், "இல்லை அன்ரி, சுகமா இருக்கிறன். உங்கடை முழங்கால் நோ இப்ப எப்படி?" கேள்வி அங்கேயே திரும்பிவிடும். தன் முழங்காலைப் பற்றிக் கதைக்க விரும்பாத அன்ரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கல்யாணச் சாப்பாடு சைவம் என்பதால் உங்களுக்கு அது கஷ்டம்தான், புரதம் அவ்வளவு இராது. வீட்டில் கச்சானோ தயிரோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இலையில் சோறு விழமுன் கையை மறித்துக் காட்டி "கொஞ்சம் போதும்" என்றால் பரிமாறுபவர் அடுத்தவருக்குப் போய்விடுவார். விழுந்த பிறகு ஒதுக்கி வைத்தால்தான் பக்கத்து இலையிலிருந்து கேள்வி வரும். கத்தரிக்காய், பயற்றங்காய், தயிர், கொஞ்சம் பருப்பு. உழுந்து வடை ஒன்று சாப்பிட்டால் குற்றம் இல்லை.

ஒபிஸ் கேக்கைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. துண்டை வாங்கி, வாழ்த்துச் சொல்லி, மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். நான்கு மணிக்கு அதைச் சாப்பிட ஒரு ஆள் வருவார். "டயட்" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள், எடுத்தால் முழு மேசையும் தன் தன் டயட் கதையோடு திரும்பும்.

மகளைப் பற்றி ஒரே வசனம்தான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதில்தான் அதிக கவலை. 11 வயது என்பது உயரவும் உருவம் மாறவும் தொடங்குகிற வயது, சோறு வேண்டிய வயது. உங்கள் வீட்டில் இந்த மாதங்களில் எத்தனை பேர் "மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்" என்று உங்களைப் பாராட்டியிருப்பார்கள் என்று யோசியுங்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சீனிப் பரிசோதனைக் கதை அவளுக்குத் தெரியாது, அம்மா சோற்றை விட்டாள், அம்மாவைப் புகழ்கிறார்கள் என்பதுதான் தெரியும். அவளைத் தனியே கூப்பிட்டு ரிப்போட்டைக் காட்டுங்கள். தம்பி வயிற்றில் இருந்தபோது நடந்ததைச் சொல்லுங்கள், இது பெரிய ஆட்களுக்கு வரும் ஒரு இரத்தக் கணக்கு, உனக்கு அது இல்லை என்று சொல்லுங்கள். தராசை அறைக்குள் வையுங்கள். அவள் முன்னால் யாராவது உங்கள் மெலிவைப் புகழ்ந்தால், "எடைக்காக இல்லை, சீனிக்காக" என்று அந்த இடத்திலேயே திருத்துங்கள். ஊருக்கு விளக்கம் வேண்டாம் என்று சொன்ன நான், இந்த ஒரு இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள் என்கிறேன். சில வாரங்களில் அவள் மறுபடி ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றால், அல்லது மேசைக்கு வராமல் தப்பித் திரிந்தால், வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

கணவரின் பகிடிக்கு வருவோம். மாமி அவருடைய அம்மா, மச்சாள் அவருடைய சகோதரி, மாமா அவருடைய அப்பா. இந்த மூன்று பேரிடமும் போய்க் கதைக்க வேண்டியவர் சோபாவில் இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். வைத்தியரிடம் மாமாவைக் கூட்டிப்போவது அவர் வேலையாக இருக்கட்டும். "அம்மா, டொக்டர் சொல்லித்தான் இவ சோறு குறைச்சவ, உங்கடை சமையலிலை ஒரு குறையும் இல்லை" என்ற வசனம் அவர் வாயிலிருந்து வந்தால், நீங்கள் இத்தனை நாள் சொன்னதை விட வேகமாக மாமியிடம் போய்ச் சேரும். அடுத்த கல்யாணத்தில் உங்களுக்குப் பக்கத்து இலையிலும் அவரே இருக்கட்டும். இரண்டு பாயாசம் குடிக்க அவருக்குக் கஷ்டம் இராது என்று நினைக்கிறேன்.