வீட்டிலேயே சினிமா ரோபோ ஒன்றைச் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு செலவாகும்?

முடியும். நானே ஒன்று செய்திருக்கிறேன், மூன்றரை வருடம் பிடித்தது. எலக்ட்ரானிக்ஸ் தெரியாதே என்று கேள்வியில் தயங்கியிருக்கிறீர்கள். நான் ஒரு கம்பெனியில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவன், சால்டரிங் அயர்னை முதன்முதலாகக் கையில் பிடித்ததே 39 வயதில்தான். இந்த வேலையில் எலக்ட்ரானிக்ஸ் கடைசியில் வருகிற சின்னப் பகுதி. அதற்கு முன்னால் தச்சு வேலை, பாத்திர வேலை, பட்டி வேலை, பெயின்ட் வேலை என்று ஒரு கல்யாணத்துக்கு உண்டான ஆட்கள் தேவைப்படுவார்கள். சென்னையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் செய்தது ஆர்2-டி2. 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் நீலமும் வெள்ளையுமாக, குப்பைத்தொட்டி சைசில், கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே உருண்டு வருமே, அது. (ரோபோ செய்கிறேன் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டது "சிட்டியா?" என்றுதான். சிட்டி செய்ய முதலில் ரஜினி வேண்டும்.) முதல் ரோபோவுக்கு இதைவிட நல்ல உருவம் கிடையாது என்பது என் கட்சி. முகம் இல்லை, விரல் இல்லை, முழங்கால் இல்லை. ஒரு டிரம், மேலே ஒரு அரைக்கோளம், இரண்டு பக்கமும் கால், உருளும்போது மட்டும் நடுவில் மூன்றாவதாக ஒரு கால். அதோடு, படத்திலேயே அது முழு ரோபோ கிடையாது. இரண்டு காலில் நின்று ஆடுகிற காட்சிகளில் உள்ளே கென்னி பேக்கர் என்ற 112 சென்டிமீட்டர் உயர நடிகர் இருந்தார். மூன்று காலில் உருள்வது ரேடியோ கன்ட்ரோலில் ஓடிய வேறொன்று, துனீசியாவில் படப்பிடிப்பின்போது அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதன்முதலில் செய்து பார்த்த மாதிரி உருவம் மரத்தில் செய்தது, செய்தவர் ஒரு தச்சர். இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

அளவுகளுக்குக் கவலைப்படாதீர்கள். 1999-இலிருந்து உலகம் முழுக்க இதையே செய்துகொண்டிருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது, ஒவ்வொரு பேனலையும் அளந்து வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள். 2015-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஆர்2 செய்ய அவர்களில் பிரிட்டன்காரர்கள் இரண்டு பேரைத்தான் ஸ்டுடியோவே அழைத்துக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உயரம் ஏறத்தாழ 109 செ.மீ., தலையின் விட்டம் 46 செ.மீ., மூன்று காலில் நிற்கும்போது உடம்பு பின்பக்கம் 18 டிகிரி சாய்ந்திருக்கும். இந்த மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது இன்னும் இருக்கிறது, பால் கணக்குக்குப் பக்கத்தில்.

என் முதல் தப்பு எம்டிஎஃப், அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பலகை. விலை குறைவு, வெட்ட வசதி என்று கால் பாதங்கள் இரண்டையும் அதில் செய்து, வைக்க இடமில்லாமல் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஓர் ஓரமாக வைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அயனாவரத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர், இரண்டு நாள் கழித்து வடிந்தபோது என் ரோபோவின் பாதங்கள் பாலில் ஊறிய பிரெட் மாதிரி உப்பி, தொட்டால் கையோடு வந்தன. எட்டு வாரத்து ஞாயிற்றுக்கிழமைகள். அதற்கப்புறம் எல்லாம் 12 மி.மீ. மெரைன் பிளைவுட்தான். புயலே வராவிட்டாலும் இந்த ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு எம்டிஎஃப் ஆகாது.

உடம்புக்குள் பிளைவுட் வளையங்கள், அவற்றை இணைக்க நிற்கும் சட்டங்கள், மேலே தோல். தோலுக்கு நான் வாங்கியது கடைப்பலகை செய்கிறவர்கள் பயன்படுத்தும் சன்போர்டு, 3 மி.மீ. கனம். பேனல் ஓட்டைகளை அவர்களிடமே சிஎன்சி-யில் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மிஷின்) வெட்டி வாங்கிவிடலாம், ஹீட் கன்னில் சூடு காட்டினால் வளையத்தைச் சுற்றிச் சொன்னபடி வளையும். இதில் என்னைவிட அப்பாவின் கைதான் அதிகம். ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ரயில் பெட்டிக்குப் பார்த்த கண்ணால் என் பிளைவுட் வளையத்தைப் பார்த்தார். "டேய், இது வட்டம் இல்லடா, உருளைக்கெழங்கு." வெர்னியரை எடுத்து வந்து ஆறு இடத்தில் அளந்து காட்டினார், ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் 4 மி.மீ. வித்தியாசம். இது எதற்கு, என்ன வேலை செய்யும் என்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார், ஆனால் அந்த வளையத்தை மட்டும் என்னைத் தொட விடவில்லை.

இப்போது தலை. இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் 3டி பிரின்ட் என்பார்கள். வீட்டுக்கு வாங்குகிற சாதாரண பிரின்டரின் தட்டு 22 செ.மீ.தான், தலையோ 46 செ.மீ. அதனால் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து, இத்தனைக்கும் அப்புறம் வெள்ளி பெயின்ட் அடித்தால் ஒவ்வொரு ஒட்டும் வெயிலில் கோடு கோடாகத் தெரியும். வெள்ளி நிறம் எந்தக் குறையையும் மன்னிக்காது. எனக்கும் அதுதான் நடந்தது, அந்த மண்டை இப்போது மாடியில் துளசிக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

படத்தில் வந்த தலை அலுமினியத்தில் ஸ்பின்னிங் முறையில் செய்தது. இந்த வார்த்தையைப் பல மாதம் படித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் என் மனைவி குண்டானைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள், அடியில் பார்த்தால் நடுவிலிருந்து விளிம்பு வரை மெல்லிய வட்ட வரிகள். அட, இதுதானே ஸ்பின்னிங்! வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டை ஒரு அச்சோடு சேர்த்து லேத்தில் வேகமாகச் சுற்றவிட்டு, நீளமான கம்பியால் அழுத்தி அழுத்தி அச்சின் மேல் படிய வைப்பது. நம் வீட்டுப் பாத்திரங்களில் பாதி அப்படித்தான் பிறந்தவை. அமெரிக்காவில் இருக்கிறவர் கப்பலில் வரவழைக்கிற ஒன்றை நான் பஸ் பிடித்துப் போய் வாங்கலாம்.

வடசென்னையில் ஒரு பாத்திரப் பட்டறையைக் கண்டுபிடித்துப் போனேன். செல்போனில் படத்தைக் காட்டினதும் மாஸ்டர் கேட்டார்: "இன்னா சார், பிரியாணி குண்டானுக்கு மூடியா?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாளில் வேலை முடிந்திருக்கும், நான் ரோபோ என்று சொல்லித் தொலைத்தேன். அப்புறம் பட்டறையில் இருந்த ஐந்து பேரும் படத்தைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. சிக்கல் என்னவென்றால் அந்தத் தலை சுத்தமான அரைக்கோளம் இல்லை, அடியில் கொஞ்ச தூரம் நேராக இறங்கும், அந்த அளவுக்கு அவரிடம் அச்சு கிடையாது. மர அச்சு கடைந்து கொண்டுவா என்றார். தேக்குக் கட்டை விலையைக் கேட்டு மயக்கம் வந்தது, கடைசியில் பிளைவுட் வட்டங்களை அடுக்கி ஒட்டிக் கடையக் கொடுத்தேன். விளிம்பை அப்பா தன் வெர்னியரால் சரிபார்த்த பிறகுதான் பட்டறைக்குப் போனது.

முதல் தகடு பாதியிலேயே கிழிந்தது. தகடு கனம் போதவில்லையாம். இரண்டாவதை மாஸ்டர் மெழுகு தடவி, கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினார். தட்டையாக இருந்த தகடு தாவணி மாதிரி அலை அலையாக ஆடி, அடங்கி, அச்சின் மேல் படிந்தது, எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்கும். இந்த மூன்றரை வருடத்தில் நான் பார்த்ததிலேயே பெரிய விஷயம் அதுதான், ரோபோ ஓடினது இல்லை. அச்சு, தகடு, கூலி எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். அச்சு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மோட்டாருக்கு வருவோம். புதுப்பேட்டையில் பழைய கார் வைப்பர் மோட்டார் இரண்டு வாங்கினேன். 12 வோல்ட், மெதுவாகச் சுற்றும், இழுவை நன்றாக இருக்கும், உள்ளே வோர்ம் கியர் இருப்பதால் கரன்ட் இல்லாதபோது சக்கரம் தானாக உருளாது, அதுவே பிரேக். வாங்கும்போது பேட்டரி கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள், இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நேராகப் போகச் சொன்னால் ரோபோ வட்டமடிக்கும். மற்ற சாமான்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், ஞாயிற்றுக்கிழமை போய் மூடின ஷட்டர்களைப் பார்த்துவிட்டு வராதீர்கள். பதினைந்து நிமிடத்தில் ஆர்டுயினோ (ரோபோவுக்கு மூளையாக இருக்கிற சின்ன போர்டு), வயர், ஸ்விட்ச், 12 வோல்ட் 7 ஏஎச் யுபிஎஸ் பேட்டரி எல்லாம் கிடைத்துவிடும். ஆரம்பக்காரர்கள் எல்லோரும் வாங்குகிற எல்298 என்ற சிவப்பு மோட்டார் டிரைவரைத்தான் (போர்டு சொல்கிறபடி மோட்டாருக்குக் கரன்ட் கொடுப்பது) நானும் வாங்கினேன். அது ஒரு மோட்டாருக்கு 2 ஆம்பியர் தாங்கும், வைப்பர் மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஹாலில் புகை, என் மகள் ஊதுபத்தி என்று நினைத்தாள். பிடிஎஸ்7960 என்ற டிரைவரை மோட்டாருக்கு ஒன்றாக வாங்குங்கள், 43 ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் இந்த வேலைக்குப் போதும். பேட்டரியிலிருந்து வருகிற வயரில் ஃபியூஸ் கண்டிப்பாக வேண்டும். பேட்டரிகளைப் பாதத்திலேயே வையுங்கள், மேலே வைத்தால் திரும்பும்போது கவிழும்.

புரோகிராமிங் பற்றி என்னிடம் சொல்ல அதிகம் இல்லை, ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதை எடுத்து எண்களை மட்டும் மாற்றினேன். பழைய ப்ளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் ஓடுகிறது. சத்தத்துக்கு 150 ரூபாய் எம்பி3 போர்டு. அந்தக் கீச்சுக் குரலின் கதை மட்டும் சொல்ல வேண்டும்: ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் ஏஆர்பி 2600 என்ற சிந்தசைசரின் ஒலியோடு குழந்தை மழலை மாதிரி தானே வாயால் எழுப்பிய சத்தங்களையும் கலந்து செய்தது அது. மிஷின் மட்டும் போட்டிருந்தால் யாருக்கும் பிடித்திருக்காது.

பெயின்டில் ஒரு பெரிய சண்டை உண்டு, நீலம் எந்த நீலம் என்று. ஒரு காட்சியில் கருநீலம், இன்னொன்றில் ஊதா கலந்த மாதிரி. முதல் படத்தின் விண்வெளிக் காட்சிகளில் கறுப்பாகவே தெரியும், நீலத் திரைக்கு முன்னால் எடுத்துவிட்டு அந்த நீலத்தைப் படத்திலிருந்து நீக்கியதால். ஆகவே யார் வந்து உங்கள் நீலம் தப்பு என்றாலும் அசையாதீர்கள். நான் வெள்ளி மேல் கண்ணாடி மாதிரி தெரிகிற நீலத்தை டிங்கரிங் கடையில் கலந்து அடித்துக்கொண்டேன். உப்புத்தாள் 220-இல் தொடங்கி 800 வரை, அவசரப்பட்டால் தெரிந்துவிடும். அக்டோபர், நவம்பரில் பெயின்டைத் தொடவே தொடாதீர்கள், மழை ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும்.

செலவு: எல்லாம் சேர்த்து 94,000 ரூபாய், மூன்றரை வருடத்தில். அதில் 20,000-க்கு மேல் நான் கெடுத்தது. கருவிகளும் இதில் அடக்கம். நீங்கள் நேராகப் பாத்திரப் பட்டறைக்குப் போனால் 65,000-க்குள் முடிக்கலாம், ஓடாமல் சும்மா நிற்கிற ரோபோ போதும் என்றால் அதில் பாதி. மோட்டாரை முதலில் வாங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள், ஆறு மாதத்தில் அது மட்டும்தான் கையில் இருக்கும். முதல் மாதம் பிளைவுட் வளையம் இரண்டு வெட்டுங்கள், அது வட்டமாக வந்தால் மேலே போங்கள். அப்புறம் வீட்டுக் கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். மாட்டிய கால்களை நான் ஒருமுறை கழற்ற வேண்டியதாயிற்று.

போன ஆயுத பூஜைக்கு அப்பா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வண்டிக்குச் செய்வது மாதிரி சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பாதத்துக்குள் இருப்பது 4 அங்குலச் சக்கரம், பழத்தின் மேல் ஏற முடியாமல் கீச்சென்று கத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே உறுமியது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து பழத்தைப் பாதியாக அறுத்து, தட்டைப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி வைத்தார். "இப்ப ஓட்டு" என்றார்.